பாஸ்புத்தகத்தில் தெரிந்த மழைக்காலம்

ஒடிசா மாநிலம் கஞ்சம் மாவட்டத்துக் கிராமக் கிளை ஒன்றில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், சந்தை கூடும் நாளன்று பாஸ்புத்தகம் பதிவு செய்யும் வரிசை வாசல் வரை நீளும். அப்படியொரு நாளில் எங்கள் காசாளர், மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் புத்தகத்தை அச்சிட்டுவிட்டு, அவரிடம் திருப்பிக் கொடுக்காமல் எங்களிடம் நீட்டினார். "இந்தக் கணக்கைப் பாருங்கள்" என்றார். பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதம் இருநூறு, முந்நூறு என்று சேர்ந்துவந்த தொகை, ஜூலை பிறந்ததும் ஐந்நூறு, எண்ணூறு, மறுபடியும் ஐந்நூறு என்று எடுக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் முடிவில் எஞ்சியிருந்தது சில பத்து ரூபாய்கள். முந்தைய பக்கத்தைத் திருப்பினோம். அதற்கு முந்தைய ஆண்டும் அதே மாதங்கள், ஏறத்தாழ அதே தொகைகள்.

சேமிப்பை எடுப்பது வாடிக்கையாளரின் உரிமை. எதற்காக என்று கேட்பது வங்கியின் வேலையன்று. ஆயினும் எங்கள் அரைகுறை ஒடியாவில் கேட்டுவிட்டோம்.

"பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, பாபு. மழை வந்தால் அதுவும் வரும்" என்றார் அவர், மழை வந்தால் கூரை ஒழுகும் என்று சொல்வதைப் போல. மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு ஒன்றரை. இடையில் பிறந்த குழந்தை பதினொரு மாதத்தில் இறந்துபோனதையும் அதே குரலில்தான் சொன்னார். ஆட்டோ வாடகை, மருந்துச் செலவு, குழந்தையுடன் இருந்ததால் இழந்த நாட்கூலி ஆகியவைதாம் அந்த ஐந்நூறுகளும் எண்ணூறுகளும்.

வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டோம். அவர் சற்று வியப்புடன் எங்களைப் பார்த்தார். "நீங்கள்தானே கடன் கொடுத்தீர்கள்? வந்து படம்கூட எடுத்துப் போனீர்களே!"

அது உண்மை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ், கிராமப்புறத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. பெரும்பாலும் கட்டி முடித்த பிறகே அத்தொகை கைக்கு வரும். கையில் பணமில்லாதவர் முதலில் எப்படிக் கட்டுவார்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் அவருடைய குழுவுக்குக் கடன் வழங்கியிருந்தோம். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. எங்கள் பதிவேட்டில் அது ஒரு குறையற்ற கணக்கு. அந்தக் குறையற்ற கணக்குக்குள் ஒரு குழந்தை ஆண்டுதோறும் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறன்று அந்த ஊருக்குச் சென்றோம். கழிப்பறை நாங்கள் படம் எடுத்த இடத்தில்தான் இருந்தது. உள்ளே விறகும் வறட்டியும் அடுக்கப்பட்டிருந்தன. மழையில் நனையாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றே என்பதால் அதையும் குறை சொல்ல முடியவில்லை. அடிகுழாய் தெருக் கோடியில். ஒரு குடம் நீரைச் சுமந்து வந்து குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்பவர், கழிப்பறைக்கென்று இன்னொரு குடம் சுமப்பாரா? ஊருக்கு வெளியே குளம் இருக்கிறது. அங்கே போனால் தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை. கடன் விண்ணப்பத்தில் தண்ணீருக்கென்று ஒரு கட்டம் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

வீடு ஓர் அறை. தரை சாணமிட்டு மெழுகிய மண். ஒரு மூலையில் அடுப்பு. மழை நாட்களில் இரவு இரண்டு ஆடுகளும் அதே அறையில். முந்தைய நாள் வடித்த சோற்றில் நீர் ஊற்றி வைத்திருந்தார்கள். 'பகாள' என்று ஒடிசாவில் போற்றப்படும் அந்த உணவு நம்முடைய பழைய சோற்றின் உடன்பிறப்பு. அந்த வெயிலில் உழைப்பவருக்கு அதைவிட நல்ல உணவு கிடையாது. ஆனால் அதில் ஊற்றும் நீர் கொதிக்க வைத்ததன்று. இளையவள் தரையில் தவழ்ந்து வந்து, ஆட்டுப் புழுக்கை கிடந்த இடத்தில் விழுந்திருந்த முறுக்குத் துண்டு போன்ற எதையோ எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தாய் அதை வெடுக்கென்று பிடுங்கினார். நாள் முழுவதும் பிடுங்கிக்கொண்டே இருக்க ஒரு தாயால் இயலுமா என்ன?

நோய்க்கிருமி ஒரு குழந்தையின் மலத்திலிருந்து மற்றொரு குழந்தையின் வாய்க்குச் செல்லும் வழிகளைப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஐந்தாகப் பிரித்துக் காட்டுவார்கள்: நீர், விரல், ஈ, மண், உணவு. அந்த ஓரறை வீட்டில் ஐந்தும் திறந்தே இருந்தன. கழிப்பறை என்பது இந்த ஐந்துக்கும் முன்னால் நிற்கும் ஒரு கதவு. அதைப் பெரியவர்கள் பயன்படுத்தினாலும், குழந்தையின் மலத்தைக் கொல்லையில் வீசினால் கதவு பாதிதான் சாத்தியது. கைக்குழந்தையின் மலத்தால் தீங்கில்லை என்று நம்புவோர் நம் நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள், படித்தவர்கள் உட்பட. உண்மையில், அடிக்கடி குடல் தொற்றுக்கு ஆளாகும் வயது என்பதால், அம்மலத்தில் நோய்க்கிருமி இருக்கும் வாய்ப்புக் குறைவன்று.

வயிற்றுப்போக்கைப் பார்க்க முடிகிறது, மருத்துவரிடம் ஓடுகிறோம். பார்க்க முடியாத ஒன்று அதைவிட நெடுங்காலம் குழந்தையைத் தின்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்துகளை உறிஞ்சுவதற்கென்று விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் உண்டு. கிருமிகளை நாள்தோறும் சிறிது சிறிதாக விழுங்கும் குழந்தைக்கு, வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களிலும் குடல் அழன்றுகொண்டே இருக்கும்; அந்த நீட்சிகள் குட்டையாகி மழுங்கிப் போகும். உண்ட உணவு உடலில் சேராது. உடலோ, வளர்வதற்கு வைத்திருந்த ஆற்றலைக் கிருமிகளுடன் போராடச் செலவிடும். எங்கள் தொழில் மொழியில் சொன்னால், வரவு வைப்பதற்கு முன்பே வேறொரு கணக்கில் பற்று எழுதப்பட்டுவிடுகிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறான், உடம்பில் ஒட்டவில்லையே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் உள்ள உண்மை சில குழந்தைகள் அளவில் இதுதான்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நான்காண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் இது 38.4. அதே இடைவெளியில், மேம்பட்ட கழிப்பிட வசதி உள்ள வீடுகளில் வாழ்வோர் 48.5 விழுக்காட்டிலிருந்து 70.2 ஆக உயர்ந்திருக்கிறார்கள். இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, செங்கல்லும் சிமெண்டும் வேகமாக வளர்ந்த அளவுக்குக் குழந்தைகள் வளரவில்லை என்பது கண்ணில் படுகிறது. ஐந்து வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 50இலிருந்து 42 ஆகக் குறைந்தது ஆறுதல்தான். அந்த 42இல் பதினொரு மாதக் குழந்தைகளும் அடக்கம்.

கழிப்பறை எண்ணிக்கை உயர்ந்தும் நோய் குறையாமல் போவது ஏன் என்பதற்கு ஒடிசாவிலேயே விடை தேடியிருக்கிறார்கள். பூரி மாவட்டத்தில் நூறு கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் கழிப்பறை கட்டும் பணியை ஊக்குவித்து, மீதியை ஒப்பீட்டுக்காக விட்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2014இல் வெளிவந்தது. பணி நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 ஆயின. ஆனால் பயன்படுத்தத்தக்க நிலையில் கழிப்பறை வைத்திருந்தவை 38 விழுக்காடு மட்டுமே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு இரு தரப்புக் கிராமங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: 8.8 விழுக்காடும் 9.1 விழுக்காடும். நாங்கள் எடுத்த புகைப்படத்தின் கதை நூறு கிராமங்களில் எழுதப்பட்டிருந்தது என்று சொல்லலாம்.

எங்கள் கிளை இருந்த கஞ்சம் மாவட்டத்திலேயே இதற்கு மறுதலையான ஒரு கதையும் உண்டு. 1979இல் அங்கே தொடங்கப்பட்ட கிராம விகாஸ் என்னும் தொண்டு நிறுவனம், 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு விசித்திரமான நிபந்தனையுடன் கிராமங்களுக்குள் சென்றது. ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களும், ஒன்று விடாமல், ஒப்புக்கொண்டால்தான் பணி தொடங்கும். ஒரே ஒரு வீடு மறுத்தாலும் இல்லை. எல்லா வீட்டுக்கும் கழிப்பறை, குளியலறை, மூன்று குழாய்கள்: சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. மேல்நிலைத் தொட்டியிலிருந்து நாள் முழுவதும் தண்ணீர் வரும். ஆனால் ஊரின் கடைசி வீட்டுக் கழிப்பறையும் கட்டி முடிந்த பிறகே குழாய் திறக்கப்படும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கடுமையான நிபந்தனை. ஊரின் சாதிப் பிரிவினைகளை அறிந்தவர்களுக்கு அதன் நுட்பம் விளங்கும். தண்ணீர் வேண்டுமென்றால், மேல்தெருக்காரர் கீழ்த்தெருவில் கழிப்பறை கட்டி முடிவதற்குக் காத்திருக்க வேண்டும்; கட்ட இயலாதவருக்கு உதவவும் வேண்டும். ஈக்கும் மழைநீருக்கும் தெரு வேறுபாடு தெரியாது என்பதால், ஒரு வீட்டின் குழந்தையைக் காக்க அடுத்த வீட்டிலும் கழிப்பறை வேண்டும் என்ற மருத்துவ உண்மையும் அந்த நிபந்தனைக்குள் அடங்கிவிடுகிறது.

வங்கியாளர்களாகிய எங்களைக் கவர்ந்தது அதன் நிதி ஏற்பாடு. ஒவ்வொரு குடும்பமும் சராசரியாக ஆயிரம் ரூபாய் செலுத்த வேண்டும். வசதியுள்ளவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் தரலாம். அத்தொகையை ஊரின் பெயரில் நிலை வைப்பாக வங்கியில் போட்டுவிடுவார்கள். முதலைத் தொடக் கூடாது. பிற்காலத்தில் தனிக்குடித்தனம் போகும் புதிய குடும்பம் கழிப்பறை கட்டும்போது, வட்டியிலிருந்து உதவி கிடைக்கும். 'ஒரு வீடு விடாமல்' என்ற நிலை பத்தாண்டு கழித்தும் குலையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. நிலை வைப்பின் பயனைப் பற்றி வாடிக்கையாளர் கூட்டங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தோன்றியதில்லை.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் இந்நிறுவனம் பணியாற்றிய நூறு கிராமங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். குழாயும் கழிப்பறையும் சேர்ந்து இயங்கத் தொடங்கிய பிறகு, மருத்துவம் தேவைப்பட்ட வயிற்றுப்போக்கு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டார்கள். வேறொரு குழு பின்னர் செய்த ஒப்பீட்டில் வயிற்றுப்போக்கில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. குழந்தைகளின் உயரத்தில் சிறு முன்னேற்றம் தென்பட்டது. ஆய்வுகள் எல்லாமே ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆனால் தண்ணீர் இல்லாத கழிப்பறை விறகுக் கொட்டகையாகும் என்பதில் எந்த ஆய்வாளரும் எங்களுடன் மாறுபடமாட்டார்.

இங்கே குழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் கடன் கேட்டு வந்தவர்களில் பலர், அரசு சொல்லும் அளவைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிய குழி வேண்டுமென்று கூடுதல் தொகை கேட்டார்கள். சிறிய குழி ஓராண்டில் நிறைந்துவிடும் என்ற அச்சம். நிறைந்தால் யார் அள்ளுவது என்ற கேள்வி. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பும் பின்பும் அந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதை நாம் அறிவோம். இதனாலேயே, கட்டிய கழிப்பறையைக் குழி நிறைந்துவிடுமோ என்று பூட்டி வைத்து, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் திறந்து விடும் வீடுகளைக் கண்டிருக்கிறோம்.

இரட்டைக் குழி முறை இந்த அச்சத்துக்காகவே உருவானது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமும் அதைவிடச் சற்று அதிக ஆழமும் உள்ள இரண்டு குழிகள். பக்கச் சுவரில் இடைவெளிகள். அடியில் சிமெண்டு பூசுவதில்லை. பீங்கானிலிருந்து வரும் குழாய், கவட்டை போல் இரண்டாகப் பிரியும். ஒரு வழியை அடைத்துவிட்டு ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். நீர் மண்ணில் கசிந்துவிடுவதால், ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி நிறைய ஐந்தாண்டு அளவில் ஆகும். பிறகு அடைப்பை மாற்றி இரண்டாம் குழிக்குத் திருப்பிவிடலாம். முதல் குழி ஓரிரு ஆண்டுகள் மூடிக் கிடந்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற, மண் போன்ற எருவாகிவிடும். தோட்டத்துக்குப் போடலாம். சரிவு அதிகமான கிராமப்புறப் பீங்கானுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் நீர் போதும். கிணற்றிலிருந்தும் அடிகுழாயிலிருந்தும் பத்து மீட்டரேனும் தள்ளி இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊர்களில் இந்த முறை ஏற்றதன்று. இவ்வளவையும் கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் ஆதார் நகலைச் சரிபார்ப்பதில் கவனமாக இருந்தோம்.

புகையைப் பற்றிச் சுருக்கமாக. அடுப்பு எரியும் அறையிலேயே தவழும் குழந்தை, அன்னையின் மடியிலிருந்தபடி அவர் சுவாசிக்கும் புகையைத் தானும் சுவாசிக்கிறது. அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஐந்து வயதுக்குட்பட்டோரின் உயிரைப் பறிக்கும் முதன்மையான நோய்களுள் நிமோனியா ஒன்று. வீட்டுப் புகை அதற்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் இணைப்பு பல வீடுகளுக்கு வந்துவிட்டது. சிலிண்டர் தீர்ந்ததும் மறுசிலிண்டருக்குப் பணமில்லாமல் விறகுக்குத் திரும்புவது வழக்கமாக இருக்கிறது. மானியம் கணக்கில் வரவாகும்போது அதை எங்கள் கவுண்டரில் எடுத்துச் சென்று அரிசி வாங்குபவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு உரிமையில்லை. கூரையருகே புகை வெளியேற ஒரு திறப்பும், அடுப்பு எரியும்போது குழந்தையைத் திண்ணையில் விடுவதும் அதுவரை செய்யக்கூடியவை.

தரையைப் பற்றியும் ஒரு சொல். மெக்சிகோ நாட்டில் 2000ஆம் ஆண்டு வாக்கில், ஏழைகளின் மண் தரையில் அரசு சிமெண்டு போட்டுக் கொடுத்தது. பின்னர் ஆராய்ந்தபோது அவ்வீட்டுக் குழந்தைகளிடம் குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் கணிசமாகக் குறைந்திருந்தன. குழந்தையின் உலகம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்தான் என்பதை வீடு கட்டும்போது நாம் மறந்துவிடுகிறோம். வீட்டுக் கடன் கேட்டு வருபவர் வாசல் வளைவுக்கும் முகப்பு ஓட்டுக்கும் மதிப்பீடு கொண்டு வருவார். தரையை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார். மண் தரை உள்ள வீட்டில், ஆடு மாடுகளுக்குத் தனி இடமும், குழந்தை விளையாட வெயிலில் உலர்த்திய பாயும் ஓரளவு உதவும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

அந்தப் பெண்ணின் இறந்துபோன குழந்தையைப் பற்றி எங்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. வயிற்றுப்போக்கு தொடங்கியதும் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டோம். ஒன்றும் கொடுக்கவில்லை என்றார். கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரையும் பாலையும் நிறுத்திவிட்டார்களாம். வயலிலிருந்து கணவர் வந்து, வண்டி பிடித்து, மருத்துவமனை சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது.

இதைக் கேட்டபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தவர், வங்காளத்து மருத்துவர் திலீப் மஹலனபிஸ். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் நிறைந்திருந்த பன்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. குளுக்கோசும் உப்பும் சோடா உப்பும் அளந்து கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் தாயும் உறவினரும் தாங்களே குவளையால் கொடுக்கும்படி செய்தார் அவர். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. உயிருடன் இருந்த காலத்தில் அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு. நாங்களும் அவர்களுள் அடக்கம். அவர் நிலைநாட்டியதைத்தான் நாம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் பெறுகிறோம்.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு. பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. கலந்ததை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தவே கூடாது. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றுவிட்டாலும், பதினான்கு நாட்கள் தொடர வேண்டும். குழந்தையின் கண் குழிந்தாலோ, மயங்கிச் சோர்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, உடனே மருத்துவமனை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்போதும், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் பத்தில் நான்கு பேருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்படவில்லை. பொட்டலத்தின் விலை தடையன்று. கொடுத்தால் போக்கு கூடும் என்ற எண்ணமே தடை. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016இல் முதலில் அறிமுகமான நான்கு மாநிலங்களில் ஒடிசாவும் ஒன்று. இன்று நாடெங்கும் குழந்தையின் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் இலவசமாகத் தருகிறார்கள்.

இதை அடுக்குமாடியில் அமர்ந்து வாசிக்கும் வாடிக்கையாளர், இது வேறு யாருக்கோ எழுதியது என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் கீழ்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? கழிவுநீர்த் தொட்டியை மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும், ஆளை இறக்காமல், இயந்திரத்தால் வெளியேற்ற வேண்டும் என்பது உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரியுமா? 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், உணவுக்கு முன் சோப்பு போட்டுக் கைகழுவும் குடும்பங்கள் 36 விழுக்காடு மட்டுமே என்று தெரிந்தது. கழிப்பறை சென்று வந்த பின் கழுவுவோர் 74 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு வறுமையால் மட்டும் வந்ததன்று. குழந்தைக்குச் சோறு பிசைவதற்கு முன் கைகழுவ ஆகும் செலவு ஒரு குவளை நீரும் சிறிது சோப்பும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையாரின் வீட்டில் தண்ணீர் வருகிறதா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடன் வேண்டுவோர்க்கு ஒரு செய்தி. வீட்டுக் கழிப்பறை கட்டுவதும் பழுது பார்ப்பதும், வீட்டளவில் குடிநீர் வசதி செய்வதும் ரிசர்வ் வங்கியின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் முதலாகவே முன்னுரிமைத் துறைக் கடன்களில் இடம்பெற்றிருக்கின்றன. சுய உதவிக் குழு மூலமாகவும் பெறலாம். கிளைக்கு வரும்போது, கழிப்பறைக்கு மட்டும் கேட்காதீர்கள். தண்ணீருக்கும் சேர்த்துக் கேளுங்கள். கிளையில் கேட்கத் தவறினால், நீங்கள் நினைவூட்டுங்கள்.

அந்தக் குழுவுக்கு நாங்கள் இரண்டாவது கடன் ஒன்று வழங்கினோம். பத்து உறுப்பினர்களும் சேர்ந்து, அடிகுழாய்க்குப் பதில் ஆழ்துளைக் கிணற்றில் சிறிய மோட்டார் பொருத்தி, பத்து வீட்டுக் கொல்லைக்கும் குழாய் இழுத்துக்கொண்டார்கள். மின்கட்டணத்தைப் பிரித்துக்கொள்வதில் முதல் மூன்று மாதம் பெரும் சண்டை. குழுக் கூட்டத்தில் எங்களை நடுவராக உட்கார வைத்தார்கள்; எங்கள் ஒடியா அன்றுதான் ஓரளவு தேறியது. விறகுக்கென்று அவர் தனியே ஒரு தகரக் கூரை போட்டுக்கொண்டார்.

இடமாற்ற ஆணை வந்தபோது ஆகஸ்டு மாதம். கடைசிச் சந்தை நாளில் அவர் வரிசையில் நின்றார். புத்தகத்தை அச்சிட்ட காசாளர் மறுபடியும் அதை எங்களிடம் நீட்டினார். ஜூலையில் ஐந்நூறு ரூபாய் எடுத்திருந்தார். அதற்குப் பிறகு எடுப்பு இல்லை. ஜூலையில் என்ன ஆயிற்று என்று கேட்டோம்.

"சின்னவளுக்கு இரண்டு நாள் போயிற்று. பொட்டலம் கலந்து கொடுத்தேன், நின்றுவிட்டது" என்றார். அந்த ஐந்நூறு ரூபாய் மூத்தவனின் பள்ளிப் பைக்கும் செருப்புக்குமாம். பையைத் திறந்து காட்டச் சொல்லி மகனை முன்னால் தள்ளினார். அவன் வெட்கப்பட்டுக் கவுண்டருக்குக் கீழே ஒளிந்துகொண்டான்.